மூடிக் கிடப்பதாகச் சொன்ன கம்பெனி

அத்தியாயம் பதினேழு

போன வாரம் சாலிஹாவை அடுப்படியில், காதில் போனோடு விட்டுவிட்டு வந்தோம். "அம்மா, நான் காலை வண்டிக்கு வாறேன். அத்தாகிட்ட சொல்லிராத" என்று மகள் ஹஸ்னா சென்னையிலிருந்து சொன்னாள். என்ன ஏது என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள். அந்தத் தாய் அன்றிரவு உறங்கினாளா என்று கேட்காதீர்கள். கட்டிக்கொடுக்காத பெண் இப்படி ஒரு போன் போட்டால் பெற்ற மனசு எங்கெல்லாம் போகுமோ, அங்கெல்லாம் போய்விட்டு வந்தது.

அவள் பயந்த எதுவும் வரவில்லை. வந்தது ஒரு படம்.

விருதுநகர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய ஹஸ்னா, பல்கூடத் துலக்காமல் அடுப்படித் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அவள் அத்தா, அதாவது சாலிஹாவின் வீட்டுக்காரர் ஜெய்லானி, விடியும் முன்பே தன் பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருந்தார். தீபாவளி நெருங்குகிறது. சீசனில் அவர் வீட்டுக்கு வருவதே பசியாறத்தான்.

"இதப் பாரும்மா. இது பழைய படம். ஞாபகம் இருக்குல்ல?"

மறக்கிற படமா அது? மல்லாங்கிணறு ரோட்டில் சாலிஹாவின் தகப்பனார் அவளுக்குக் கொடுத்த கரிசல் காட்டை டேட்டா சென்டர்காரர்களுக்கு எழுதிக் கொடுத்ததே அதைப் பார்த்துத்தான். ஊர் உலகம் போனில் பேசுவது, பார்ப்பது, அனுப்புவது எல்லாவற்றையும் சுமக்கிற கம்ப்யூட்டர்களுக்குக் கட்டுகிற வீடு என்று ஹஸ்னா அன்று சொல்லியிருந்தாள். அந்த வீடு சூடேறாமல் பார்த்துக்கொள்கிற இன்ஜினீயர் வேலை அவளுக்கு. படத்தில் நாலு நீளக் கட்டடங்கள் மேற்கே தள்ளி நின்றன. கிழக்கே, வேலியோரமாக, கார் நிறுத்த இடமும் வேப்பமரங்களும். வேலிக்கு அந்தப் பக்கம் ஜெய்லானியின் கம்பெனி.

பட்டாசுக்காரனுக்கு ஷெட்டைவிடப் பெரிய சொத்து, ஷெட்டைச் சுற்றிக் கிடக்கும் வெறும் நிலம். ஆட்கள் புழங்கும் கட்டடம் ஒன்று பக்கத்தில் எழும்பி, சட்டம் சொல்கிற தூரம் குறைந்துவிட்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். வேப்பமரம் என்று மகள் காட்டிய பிறகுதான் சாலிஹா கையெழுத்துப் போட்டாள்.

"இப்ப இதப் பாரு. இது புதுசு."

நாலு கட்டடத்தையும் காணோம். காட்டின் நடுவில் ஒரே ஒரு சதுரக் கட்டடம், பெட்டி கவிழ்த்த மாதிரி. கிழக்கே வேலியை ஒட்டித் தண்ணீர்த் தொட்டிகள், பம்ப் ரூம், அதோடு சேர்த்து ஆட்கள் ராப்பகலாக இருந்து வேலை பார்க்கும் மாடிக் கட்டடம்.

"ஏ புள்ள, வேப்பமரம் எங்க?"

"போச்சும்மா. எல்லாம் இந்த ஏஐ வந்த வேலை. முந்தி கம்ப்யூட்டர அலமாரியில அடுக்கிக் காத்த ஊதிவிட்டாப் போதும், சூடு போயிரும். இப்ப ஏஐக்குன்னு வர்ற மெஷினு, ஒத்தை அலமாரியே முந்தி ஒரு வரிசை கக்குன சூட்டக் கக்குது. காத்துக்கு அடங்காது. குழாயில தண்ணிய மெஷினோட நெஞ்சு வரைக்கும் கொண்டுபோயிச் சூட்ட இழுத்துட்டு வரணும்."

"காய்ச்சக்காரனுக்கு விசிறி பத்தாம ஈரத்துணி போடுற மாதிரியா?"

"அதேதான். அதோட, அந்த மெஷினெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டே இருக்கணும். நடுவுல கேபிள் நீண்டா வேகம் போயிரும். அதான் நாலு கட்டடத்தையும் ஒண்ணா நெருக்கியாச்சு."

"வெடிக்குற சாமான்னு நாங்க ரூமுக்கு நாலு பேரு, ரூமுக்கு ரூமு தூரம்னு பிரிச்சுப் பிரிச்சு வைக்கோம். நீங்க என்னடான்னா அனலாக் கொதிக்கிறத ஒரே எடத்துல போட்டு அமுக்குறீக. வெளங்கிரும்." சாலிஹா தோசையைத் திருப்பிப் போட்டாள். "சரி, மேக்க அம்புட்டு எடம் கெடக்கே, தொட்டியையும் ஆபீசையும் அங்கன வச்சா ஆகாதா?"

"எடத்த நாங்க பாக்கலம்மா. படத்தையும் இப்ப ஏஐதான் போடுது. காத்து எந்தப் பக்கம், கரண்டு எங்கன இருந்து வருது, குழாய் எம்புட்டு நீளம்னு எல்லாத்தையும் குடுத்தா, ஆயிரக்கணக்குல படம் போட்டுப் பாத்து எது தோதுன்னு அதுவே சொல்லிரும். கிழக்க வச்சாக் குழாய் கொறச்சல்னு சொல்லிருச்சு."

"வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனி இருக்குன்னு அதுக்குத் தெரியாதாக்கும்?"

ஹஸ்னா லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியாது. நாமதானம்மா மறைச்சோம்."

ஆமாம், மறைத்தார்கள். நிலம் அளக்க வந்த சமயம், பக்கத்தில் என்ன தொழில் நடக்கிறது என்று டேட்டா சென்டர் கம்பெனி ஹஸ்னாவிடம்தான் கேட்டது. ஜெய்லானியோ போன சீசனில் ஆர்டர் குவிந்தபோது லைசென்ஸில் இல்லாத நாலு தகர ஷெட்டை வேலியோரம் போட்டு வைத்திருந்தார். தொழில் நடக்கிறது என்று சொன்னால் தூரம் அளக்க வருவார்கள். அளக்க வந்தால் அந்த நாலும் கண்ணில் படும். "மூடிக் கெடக்குற பழைய கம்பெனின்னு எழுதிரு. மரந்தான வரப்போகுது, யாருக்கு என்ன நட்டம்?" என்றார். மகள் அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

ஆபீசர் வருகிறார் என்றால் கேட்டைப் பூட்டிவிட்டு லீவு என்று சொல்வது இந்தப் பக்கத்தில் சிலருக்குப் பழகிப்போன வித்தை. மனுஷனிடம் செல்லுபடியான வித்தையை மெஷினிடமும் காட்டினார்கள். அது மனுஷனைவிட நன்றாக நம்பிவிட்டது. அன்றைக்குச் சாலிஹா இதே அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் சைட்டுல கூட்டம்" என்றாள் ஹஸ்னா. "அக்கம்பக்கத்து நெலக்காரங்களுக்கு ஆட்சேபணை இருந்தாச் சொல்லலாம். அதோட சரி. அடுத்த வாரம் கான்கிரீட்டு. நம்ம கம்பெனி ஓடுதுன்னு இன்னைக்கே சொல்லிரணும்மா. சொன்னாப் படத்த மாத்தித்தான் ஆகணும். ஆனா பட்டாசு லைசென்ஸ் ஆபீசரும் வாறாரு. அதுக்குள்ள அத்தா அந்த நாலு ஷெட்டையும் பிரிச்சிரணும்."

"ஒன் வேலை?"

"பொய் எழுதுனதுக்கு என்ன பண்ணுவாகளோ. போனாப் போகுது."

போனாப் போகுது என்று சொன்னவள் லேப்டாப்பை மூடி மூடித் திறந்ததைச் சாலிஹா பார்த்தாள்.

ஜெய்லானி பசியாற வந்தார். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. படத்தைக் கண்டதும் இருண்டது. தோசையைப் பிய்த்த கை தட்டிலேயே நின்றது.

"எந்த மெஷினோ போட்ட படத்துக்கு நான் ஷெட்டப் பிரிக்கணுமா? உள்ள புஸ்வாணம் காயுது. மழை வேற மிரட்டுது. லோடு இந்த வாரம் போயாகணும்."

"அத்தா, அந்த நாலப் பாத்தாகன்னா மொத்தமும் போயிரும்."

"நீ ஒழுங்கா எழுதியிருந்தா இந்தக் கேடு வந்திருக்குமா?"

"நீங்க சொன்னதத்தான அத்தா எழுதுனேன்?"

"நான் படிக்காதவன், ஆயிரம் சொல்லுவேன். படிச்சவ நீ. முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

இந்த நியாயம் இருக்கிறதே, அது குடும்பத் தலைவர்களுக்கென்றே செய்து வைத்த நியாயம். நல்லது நடந்தால் அத்தா போட்ட வழி. கெட்டது நடந்தால் மகள் செய்த கூத்து. ஹஸ்னா எழுந்து கையைக் கழுவப் போய்விட்டாள்.

"போதும்" என்றாள் சாலிஹா. "அந்தக் காடு எங்க அத்தா எனக்குக் குடுத்தது. அத வித்து, வித்த கையோட புருஷன் தொழிலையும் முடிச்சாங்கிற பேரு எனக்கு வேண்டாம். மத்தியானத்துக்குள்ள பிரிங்க. கூட்டத்துல நான் பேசிக்கிடுதேன்."

"நீயா?"

"நெலம் என் பேருலதான இருந்துச்சு? பேசவும் எனக்கு வாயி இருக்கு."

ஜெய்லானி டீயைக் குடித்தார். அவளைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார். வாசலில் நின்று, "சரி, பிரிச்சிருதேன்" என்றார்.

மத்தியானம் தொழுதுவிட்டுச் சாலிஹா போன் போட்டாள்.

"ஆச்சாங்க?"

"ஆச்சு, ஆச்சு. பிரிச்சாச்சு. நீ தெம்பாப் பேசு" என்றார் அவர், வெண்ணெய் தடவிய குரலில்.

அந்தக் குரலைக் கேட்டதுமே அவள் சுதாரித்திருக்க வேண்டும். சீசன் நேரத்தில் ஜெய்லானி யாரிடமும் இப்படி மெதுவாகப் பேசுகிறவர் இல்லை. ஆனால் புருஷன் தன் பேச்சைக் கேட்டுவிட்டான் என்ற சந்தோஷம் பெண்களுக்கு அத்தி பூத்த மாதிரி வருவது. வந்ததைச் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை. பாவம், காய்கிற சரக்கை எங்கே கொண்டுபோய் வைத்தாரோ என்று இரக்கம்கூடப் பட்டாள்.

சைட்டில் பந்தல் போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருந்தார்கள். தன் காடு இருந்த இடம் எது என்று சாலிஹாவுக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாம் மட்டம் அடித்துக் கிடந்தது. முன்வரிசையில் லைசென்ஸ் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். ஹஸ்னாவுக்கு மேலதிகாரியான மணிகண்டராஜ் மைக்கைப் பிடித்தார். சாத்தூர்க்காரர்தான், சென்னையில் இருந்து இருந்து பேச்சு வழுவழுவென்று ஆகிவிட்டது.

திரையில் அந்தச் சதுரக் கட்டடம் சுழன்று சுழன்று வந்தது. இது ஏஐக்கான கட்டடம், இந்தப் பக்கத்துக்கே பெருமை என்றார். தரை இத்தனை கனம் தாங்கும், தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும் என்றார். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பின்னாலிருந்து வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி கேட்டதற்கு, "அதுக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வரவேயில்லை.

"கிழக்கே ஒரு பழைய பட்டாசு யூனிட் இருக்கு. அது மூடியாச்சு. நம்ம இன்ஜினீயர் ஹஸ்னா இந்த மண்ணோட பொண்ணு, அவங்களே உறுதி குடுத்திருக்காங்க. என்ன ஹஸ்னா?"

மைக் ஹஸ்னாவின் கைக்கு வந்தது. அவள் எழுந்தாள். அடுப்படியில் சொன்ன போனாப் போகுது இங்கே வாய்க்கு வரவில்லை. உதட்டை நனைத்தாள். மேலதிகாரியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிள்ளை இன்னும் ஒரு கணம் நின்றால் 'ஆமா சார்' என்று சொல்லிவிடும் என்று தாய்க்குத் தெரிந்துவிட்டது.

"அவளக் கேக்காதீக" என்று சாலிஹா எழுந்தாள். "மூடிக் கெடக்குன்னு அவகிட்டச் சொன்னது நானு. அவ மேல தப்பில்ல. அந்தக் கம்பெனி மூடல சார். இன்னைக்குக் காலைலகூட வேலை நடந்துச்சு. எங்க வீட்டுக் கம்பெனிதான் அது."

பந்தல் சலசலத்தது. ஹஸ்னா திகைத்துப் போய்த் தாயைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல எழுந்த தாய் நடுவில் பிள்ளைக்காக ஒரு பொய்யையும் சொருகிவிட்டாள். அந்த நேரத்தில் அது பொய்யென்றே சாலிஹாவுக்குத் தோன்றவில்லை.

ஆபீசர் நிமிர்ந்தார். "ஓடுற யூனிட்டுன்னா இந்தப் படம் செல்லாது. தூரம் விட்டாகணும். லைசென்ஸ்படிதான நடக்குது?"

"ஆமா சார்."

"அப்ப ஒரு எட்டுப் பாத்திருவோமே. ரோட்டைச் சுத்திப் போவானேன், இந்தா இருக்கு வேலி."

"தாராளமா வாங்க சார்" என்றாள் சாலிஹா. அந்தத் தாராளத்தை நினைத்து அவள் பிறகு எத்தனை நாள் நாக்கைக் கடித்துக்கொள்ளப் போகிறாளோ.

வேலியில் ஆள் நுழைகிற சந்து ஒன்று இருந்தது. கருவேலமுள் சேலையைப் பிடித்து இழுக்க, அவள்தான் முதலில் நுழைந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

நாலு ஷெட்டும் நின்றுகொண்டிருந்தன. ஒரு தகரம்கூடக் குறையவில்லை. உள்ளே பெண்கள் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

முதல் ஷெட்டிலிருந்து கருப்பம்மாள் எட்டிப் பார்த்தாள். ஜெய்லானி கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து வேலை பார்ப்பவள். முழங்கை வரைக்கும் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடர் அப்பியிருந்தது. சாலிஹாவைக் கண்டதும் அவளுக்கு வாயெல்லாம் பல்.

"வாங்க மொதலாளியம்மா! என்ன, இம்புட்டு ஆளோட வாறீக? மொதலாளி ரோட்டுக் கேட்டப் பூட்டிட்டு, யாரு வந்து தட்டுனாலும் சத்தம் காட்டாதீகன்னுல்ல சொல்லிட்டுப் போனாரு. அதான் குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருக்கோம்."

சாலிஹாவின் பின்னால் நின்ற ஆபீசரைக் கருப்பம்மாள் இன்னும் பார்க்கவில்லை.

நாலு பேர் இருக்கவும் இடமில்லாத ஷெட்டில் பத்துப் பேருக்கு மேல் முட்டியோடு முட்டி இடித்து உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்த சரக்கு அவர்கள் முதுகுக்குப் பின்னால் கூரை முட்ட அடுக்கியிருந்தது. ஆபீசர் சத்தம் போடவில்லை. எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். போனில் படம் எடுத்தார். யாரிடமோ பேசினார். இருட்டுவதற்குள் ஆள் வந்து, அந்த நாலு ஷெட்டுக்கு மட்டுமல்ல, லைசென்ஸ் உள்ள ரூம்களுக்கும் சேர்த்து மொத்தக் கம்பெனிக்கும் சீல் வைத்துவிட்டார்கள்.

ஜெய்லானி பைக்கில் பறந்து வந்தார். ஆபீசரிடம் கும்பிட்டு, கெஞ்சி, ஒன்றும் ஆகாமல் பெண்சாதியிடம் திரும்பினார்.

"வேலிப்பக்கமா யாருடீ கூட்டிட்டு வரச் சொன்னது? எந்தக் காலத்துல ஆபீசர் வேலி வழியா வந்திருக்கான்? ரோட்டு வழியா வந்து பூட்டப் பாத்துட்டுப் போயிருவான்னுல்ல நெனச்சேன்."

"பிரிச்சாச்சுன்னு சொன்னீகளே."

"சொன்னேன்."

"எங்கிட்டச் சொன்னீகளே! பூட்டக் காட்டி ஆபீசர ஏமாத்துனீக, சரி. நான் யாரு ஒங்களுக்கு? என்னையும் ஆபீசர் மாதிரி நெனச்சுட்டீகளா?"

அவர் திரும்பிக்கொண்டு சீல் வைத்த பூட்டைத் தடவிப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் சாலிஹா அவரை வெறுத்தாள். வாழ்ந்த காலத்தையெல்லாம் சேர்த்து வெறுத்தாள்.

பெண்கள் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கருப்பம்மாள் மட்டும் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"கம்பெனி ஓடுதுன்னு கூட்டத்துல சொன்னது நீங்கதானாம்ல?"

"ஆமா கருப்பம்மா. கம்பெனி நெலைக்கணும்னுதான் சொன்னேன்."

"அவரு பொய் சொன்னாரு, எங்களுக்கு வேலை இருந்துச்சு. நீங்க உண்மையச் சொன்னீக, எங்க அடுப்புல பூனை தூங்கப் போகுது. தீவாளி நேரத்துல எந்தக் கம்பெனியில போயி நாங்க நிக்க?"

"அந்த ஷெட்டுல ஒரு பொறி விழுந்திருந்தா..."

"விழலையே மொதலாளியம்மா. இன்னைக்கு விழுந்த பொறி நீங்கதான்."

கருப்பம்மாள் பவுடர்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். இத்தனை பேரை அந்தத் தகரத்துக்குள் அடைத்து வைத்தது ஜெய்லானி. அவரை அவள் ஒரு சொல் கேட்கவில்லை. அதுதான் சாலிஹாவுக்குத் தாங்கவில்லை.

வேலியோரத்தில் மணிகண்டராஜ் ஹஸ்னாவைத் தனியே அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. தோளில் தட்டாத குறையாகச் சிரித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

தாயும் மகளும் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தார்கள். மல்லாங்கிணறு ரோட்டில் ஏறியதும் ஹஸ்னா லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள்.

"என்ன சொன்னாரு அவரு?"

"நீ சொன்னதால எம்மேல தப்பில்லன்னு எழுதிக்கிடலாமாம். வேலை போகாதாம்." ஹஸ்னா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மெயிலைத் தட்டினாள். "கிழக்கால இருக்குறது ஓடாத யூனிட்டுன்னு இன்னைக்குத் தேதி போட்டு ஒரு மெயில் மட்டும் அனுப்பச் சொன்னாரு. சீல்தான் வச்சாச்சே, இனி படத்த எதுக்கு மாத்தணும்னு கேக்காரு."

அந்த மெயில் எதற்கென்று சாலிஹாவுக்கு விளங்கிவிட்டது. அபராதம் கட்டி, கையைக் காலைப் பிடித்து, லைசென்ஸ் உள்ள ரூம்களையாவது திறக்கச் சொல்லலாம் என்று அவள் மனசின் ஓரத்தில் ஒரு நப்பாசை இருந்தது. வேலியோரம் அந்த மாடிக் கட்டடம் எழும்பிவிட்டால் எந்த ஜென்மத்திலும் திறக்க முடியாது. கருப்பம்மாளும் மற்றவர்களும் திரும்பி வர ஒரு இடமே இருக்காது.

"எழுதாத ஹஸ்னா."

"இப்ப இது பொய்யில்லம்மா. ஓடலதான?"

"அனுப்பாதங்கேன்."

ஹஸ்னா திரும்பிப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அத்தாவுக்காக ஒரு பொய் எழுதுனேன், நீ பேசாம இருந்த. எனக்காக நீ ஊரு முன்னால ஒரு பொய் சொன்ன, நான் பேசாம இருந்தேன். இன்னைக்கு எனக்காக நான் ஒரு உண்மைய எழுதுதேன். இதத்தான் வேண்டாங்கியா?"

சாலிஹா மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எழுதி முடித்த மெயில் திரையில் கிடந்தது, அனுப்ப ஒரு விரல் பட்டால் போதும். பஸ் ஸ்டாப்பில் கருப்பம்மாளும் மற்ற பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆட்டோ அவர்களைத் தாண்டியபோது ஒருத்தியும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வேலை போன மகளோடு வீட்டுக்குப் போவதா, கையை விட்டுவிட்டு நாளைக்கு இந்தப் பெண்கள் முகத்தில் முழிப்பதா என்று சாலிஹாவுக்குத் தெரியவில்லை. பிடியும் தளர்ந்துகொண்டே வந்தது.